பேழை இல்லாத இடம்

சுவிட்சைப் போட்டான். இரண்டு சம்மனசுகளும் எரிந்தன.

மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள், சம்மனசுகள். எந்தக் கோயில் பீடத்திலிருந்து கழற்றினார்களோ, காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் தூசி தின்றுகொண்டு கிடந்தன. பொன்முலாம் இறக்கைகளில் மட்டும் மிச்சம். மெழுகுதிரி ஏந்தியிருந்த கைகளில் கடைக்காரர் பல்பு மாட்டிக் கொடுத்தார்.

எதிரெதிரே மண்டியிட்டிருந்தன. ஒரு காலத்தில் நடுவில், நற்கருணை அப்பம் வைக்கும் பேழை இருந்திருக்கும்.

இங்கே நாற்காலி.

நாற்காலியில் அவன் மனைவி ஜெசிந்தா. காலடியில் பை.

ஏழு மணி பஸ். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. அப்பா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

எல்லாம் ஒரு சிரிப்பால் வந்த வினை.

ஞாயிற்றுக்கிழமை, சாமியார் வந்து வீட்டை மந்திரித்த விருந்து. "மாமா, இது எத்தனையாவது பந்தி?" என்று அவன் அண்ணன் அவள் அப்பாவைக் கேட்டான். பாவம், இரண்டு பந்திக்கும் ஓடி ஓடிப் பரிமாறிவிட்டு மனுஷர் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இவனும் சிரித்தான்.

அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே போய் மாமனார் காலில் விழுந்திருக்கலாம். அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னானா? பெரிய வீறாப்பு! இன்றோடு நாலு நாள்.

காபியாவது கொடுப்போம் என்று போட்டு எடுத்துவந்தான்.

சம்மனசுகளுக்கு நடுவே வந்ததும் வலது முட்டி தன்னால் மடங்கியது. பத்து வருஷம் கோயிலில் பீடச்சிறுவனாக, பேழையைக் கடக்கும்போதெல்லாம் மடங்கிப் பழகிய முட்டி. விளக்கு மாட்டிய நாளிலிருந்து இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இதே கூத்துதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள் அவள்.

இன்றைக்குச் சிரிக்கவில்லை.

காபி தளும்பிக் கையைச் சுட்டது.

"இங்க பேழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாருக்கு முட்டி போடுறீங்க?"

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

அவன் எழுந்திருக்காமல் டம்ளரைத் தரையில் வைத்தான்.

இடது முட்டி தன்னால் மடங்கவில்லை. அவன்தான் மடக்கினான்.