வெள்ளி டீபாட்டின் உட்புறம்

மணி மூன்றே கால். நான்கு மணிக்கு முதலாளி அய்யாவுக்கு டீ போக வேண்டும். வெள்ளி டீபாட்டின் உட்புறத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைத்தாள் எஸ்தர். எஸ்டேட் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. சமையற்காரர் பொன்னையா அதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தார்.

"உள்ள எதுக்குக் கை வச்ச? வெந்நீர் ஊத்திக் கவுக்கிறதோட சரி. அது அழுக்கில்ல புள்ள, வீட்டம்மா போட்ட முப்பது வருஷத்து டீ. அவங்க செத்தப்புறம் அய்யா குடிக்கிறதே அந்தக் கறை ருசிக்காகத்தான்."

இந்த வேலை போனால், பங்களாவுக்குப் பின்னால் அவளும் மகளும் தங்கியிருக்கும் அறையும் போய்விடும். மறுபடி கறை ஏறட்டும் என்று எஸ்தர் டீத்தூளை அள்ளிப் போட்டுக் கொதிநீரை ஊற்றினாள். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். அதற்குள் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். உட்சுவர் பளிச்சென்றே இருந்தது.

"ரெண்டு பொட்டலம் காலி. கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் இருக்கு, கொண்டாரவா?" என்றார் பொன்னையா.

நான்கு மணிக்கு, பார்வை மங்கிய அய்யா வராந்தாவில் கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். எஸ்தர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.

"நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரும்மா. என் நாக்குதான் கெட்டுப்போச்சா?"