பிரிண்டர் வரிசை

ஆராய்ச்சி மாணவிக்கு நடந்தது பச்சை அநியாயம். ஐந்து மணிக்குள் துறை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டிய அறிக்கை, நாற்பத்திரண்டு பக்கம். பிரிண்ட் எடுக்க அவள் அனுப்பி வைத்திருந்ததை நாலரை மணிக்கு அழித்துவிட்டார் நூலக உதவியாளர்.

அவளுடையதை மட்டுமா? வரிசையில் நின்ற ஏழு பேருடையதையும்.

"என் தப்புதான். எல்லாம் அழிஞ்சு போச்சு. மறுபடி அனுப்பிடுங்க."

அரை மணி நேரமாகச் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு சண்டித்தனம் செய்த பிரிண்டர் அது. உதவியாளர் அம்மாள் மூடியைத் திறந்தார், மூடினார், தட்டை உருவினார், தாளை விசிறி அடுக்கினார். கடைசியில் செய்த வைத்தியம் இது.

"அழிஞ்சு போச்சா, அழிச்சீங்களா?" மாணவி பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சேன்."

"யாரைக் கேட்டு? இன்னிக்குக் குடுக்கலன்னா எனக்கு உதவித்தொகை நின்னுடும். நீங்க குடுப்பீங்களா?"

குரல் உடைந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். 4.33. அடுத்த நொடியே மறுபடி பார்த்தாள்.

"படிக்கிற பொண்ணு வயித்துல அடிக்கலாமாம்மா?" என்றார் கட்டுக் காகிதத்தோடு நின்ற வக்கீல் குமாஸ்தா.

"அவங்களுக்கென்ன சார், அஞ்சு மணியானா பையைத் தூக்கிட்டுக் கெளம்பிடுவாங்க," என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள். "நீ முன்னாடி போம்மா. நாங்க நின்னுக்கறோம்."

வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

உதவியாளர் அவளுடைய பென்டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரிலேயே செருகி, எதையோ இரண்டு இடத்தில் மாற்றினார். தாள்கள் சுடச்சுட வந்து விழுந்தன. நன்றி சொல்ல மாணவிக்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை.

ஓடிக்கொண்டே பக்கங்களை எண்ணினாள். நாற்பத்தொன்று. படிக்கட்டில் நின்று மறுபடி எண்ணினாள். நாற்பத்திரண்டு. துறை எழுத்தர் முத்திரை குத்தியபோது மணி 4.52.

மூச்சு சீரானதும் கோபம் திரும்பி வந்தது. வேறு யாராவது என்றால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் நேரே நூலகத்துக்கு வந்தாள். வரிசை கரைந்திருந்தது.

"புகார்ப் புத்தகம் குடுங்க."

கொடுத்தார். பேனாவும் கொடுத்தார்.

"என் வேலை முடிஞ்சதுன்னு விட மாட்டேன் மேடம். நாளைக்கு இன்னொருத்தருக்கு இது நடக்கக் கூடாது. எத்தனை மணிக்கு அழிச்சீங்க?"

"நாலரை இருக்கும்."

"இருக்கும்னெல்லாம் எழுத முடியாது. கம்ப்யூட்டர்ல இருக்குமே, காட்டுங்க."

"வேணாம்மா. என் தப்புன்னே எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

"எதை மறைக்கிறீங்க?"

அந்த அம்மாள் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ரத்தானவற்றின் பட்டியல். முதல் வரியில் அவளுடைய உறுப்பினர் எண். தாள் அளவு: லீகல். அந்த நூலகத்தில் எந்தத் தட்டிலும் இல்லாத நீளத் தாள். அது வரும்வரை நகர மாட்டேன் என்று பிரிண்டர் நின்றிருக்கிறது. இரண்டாவது வரியிலும் அவள் எண். மூன்றாவதிலும். வரவில்லையே என்ற பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தாள். ஒன்பது தடவை. மற்றவர்கள் எல்லோரும் அதற்குக் கீழே.

மாணவிக்குக் காது சுட்டது. பேனாவுக்கு மூடியை மாட்டினாள்.

"அப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே மேடம். இந்தப் பொண்ணாலதான்னு."

உதவியாளர் புகார்ப் புத்தகத்தை மூடி உள்ளே வைத்தார்.

"சொல்லியிருந்தா, உங்களை முன்னாடி விட்டிருப்பாங்களா?"