உட்கார்ந்து பார்த்தால்

“தப்பை ஒத்துக்கிட்டா ரெண்டு நிமிஷத்துல வீட்டுக்குப் போகலாம். என்னம்மா சொல்றீங்க?” என்றார் நீதிபதி அம்மாள்.

“ஒத்துக்க மாட்டேன் மேடம்” என்றாள் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்கா.

காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காலையிலிருந்து இருபது பேர் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டுப் போன இடம் அது.

“உங்க வக்கீல் எங்கே?”

“வக்கீல் வெக்கலைங்க. நானேதான் பேசப் போறேன்.”

கடைசி பெஞ்சில் அவள் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பேசாம அபராதத்தைக் கட்டிட்டு வந்துடு, உனக்கு எதுக்கு இந்த வீண் வம்பு?” என்று ஒரு வாரமாக அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார்.

கட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வேகமாக ஓட்டியதாக ஒரு தடவை பதிவானாலும் போதும், பள்ளிக்கூடத்தில் வேன் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பதினோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவளுக்கு வயிறு எரியாதா?

“முப்பதுக்கு மேல போகக் கூடாத தெரு. நீங்க போனது நாற்பத்திரண்டு. மிஷின் பொய் சொல்லுதுன்னு சொல்லப் போறீங்களா?”

“இல்லைங்க. நாற்பத்திரண்டுலதான் போனேன்.”

கணவருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது.

“அப்புறம் என்னம்மா வழக்கு?” நீதிபதியின் குரல் ஏறியது. “வேன் நிறையப் பிள்ளைங்க. அவ்வளவு பெரிய போர்டு கண்ணுக்குத் தெரியலையா? அடுத்தவங்க உயிர் மேல ஒரு அக்கறை வேண்டாமா?”

“தெரியலைங்க மேடம். அதான் என் வழக்கே. எப்பவும் போற ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாங்க. அந்தத் தெருவுல அன்னைக்குத்தான் முதல் தடவை போறேன். போர்டு தெரிஞ்சிருந்தா முப்பதைத் தாண்டியிருக்கவே மாட்டேன்.”

போக்குவரத்துக் காவலர் ஒரு புகைப்படத்தை நீட்டினார். முப்பது என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் யாரோ ‘உச்’ கொட்டினார்கள். அக்கா அசரவில்லை. காவலர் பக்கம் திரும்பினாள்.

“சார், ஒரே ஒரு கேள்வி. இதை எடுக்கறப்போ நின்னுக்கிட்டிருந்தீங்களா, உட்கார்ந்திருந்தீங்களா?”

“இது என்னம்மா கேள்வி? போர்டுக்குக் கீழே, பிளாட்பாரத்துல நின்னுதான் எடுத்தேன்.”

“வண்டியை நீங்க பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டா ஓட்டுவீங்க?”

கோர்ட்டே சிரித்தது. காவலரும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

அக்கா தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். “இது டிரைவர் சீட்ல உட்கார்ந்து எடுத்தது மேடம். நான் வந்த அதே திசையில, இருபதடி முன்னாடி இருந்து. இதுல போர்டு எங்கேன்னு நீங்களே காட்டுங்க.”

படம் நிறைய இலை. ஒரு வீட்டு மதிலைத் தாண்டி வந்த கிளை தெருவுக்கே குடை பிடித்துக்கொண்டு நின்றது. கீழே கம்பம் மட்டும் தெரிந்தது.

நீதிபதி படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“வழக்கு தள்ளுபடி. உங்க லைசென்ஸ்ல எதுவும் பதிவாகாதும்மா. நாளைக்கு வேன் எடுங்க.”

கணவர் தன்னை மறந்து எழுந்து கைதட்டினார். வாசலில் நின்ற சேவகர் முறைத்ததும் சட்டென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் ரெண்டு தட்டு தட்டினார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சாவி பிழைத்தது!

எழுத்தர் பேனாவோடு எழுந்தார். “கிளையை வெட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பணுமே மேடம். அந்த வீடு யாரோடதுன்னு விசாரிக்கச் சொல்லட்டுமா?”

“விசாரிக்க வேண்டாம், என் பேருக்கே அனுப்புங்க” என்றார் நீதிபதி. “முனிசிபாலிட்டி ஆளுங்க ரெண்டு தடவை வெட்ட வந்தாங்க. என் காருக்கு நிழல் போயிடும்னு திருப்பி அனுப்பினது நான்தான்.”