வாசல் ரோஜா

அந்த முதியோர் குடியிருப்பில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு ரோஜாச்செடி உண்டு. உள்ளே தனியாக இருப்பவரின் நாடி நின்றால் பூ கறுத்துவிடும். அதைப் பார்ப்பவர் உடனே மணியடித்துப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் யாருக்கும் அடுத்தவர் வாசலில் வேலையில்லை. பூதான் சிவப்பாக இருக்கிறதே!

ஒருநாள் காலையில் பிலோமினா டீச்சர் தன் வீட்டுப் பூவுக்கு இதழ் இதழாக ஹேர் டை பூசினார். பிறகு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, இரண்டு டம்ளர் காபி கலந்து வைத்துவிட்டு, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

காபி ஆறிய பிறகுதான் மணி அடித்தது. எதிர்வீட்டுத் தணிகாசலம். டீச்சரை உயிரோடு பார்த்து அவர் திடுக்கிடவே இல்லை. குனிந்து பூவை முகர்ந்தார்.

“ஹேர் டைதானே டீச்சர்?”

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. “உள்ள வாங்க, காபியைச் சூடு பண்ணித் தரேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“போன தீபாவளிக்கு நானும் பூசினேன்.”

சூடு பண்ண எடுத்த டம்ளர் டீச்சரின் கையிலேயே நின்றது.

“புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு உள்ள நின்னேன். உங்க கதவு திறந்துச்சு” என்றார் தணிகாசலம். “அப்புறம் மெதுவா மூடிக்கிச்சு.”