முன்வரிசை அப்பா

தொப்!

மறுபடியும் லிஃப்ட் மெக்கானிக்தான் விழுந்தார். பதினோரு சிறுமிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கு நாற்பத்தாறு வயசு, தொந்தி, இடுப்பில் சாவிக்கொத்து. குழந்தைகளின் நடன வகுப்பில் இந்த மனுஷனுக்கு என்ன வேலை? தப்பு அவள் மேல்தான். சேர்க்கைப் படிவத்தில் வயது வரம்பு போட மறந்துவிட்டாள்.

"சார், பின்னாடி போய் நில்லுங்களேன்."

"பின்னாடி நின்னா கண்ணாடி தெரியல, டீச்சர்."

சிரிக்காத பன்னிரண்டாவது சிறுமி அவருடைய மகள். வெட்கத்தில் கூனிக் குறுகக்கூட அவளால் முடியாது. கோணிப்போயிருந்த முதுகெலும்பை நிமிர்த்தி, போன வருஷம்தான் இரண்டு கம்பி வைத்திருந்தார்கள். டாக்டர் இனி ஆடலாம் என்று சொல்லி இரண்டு மாசம்தான் ஆகிறது.

"எனக்காக ஒரு ஸ்டெப்பைக்கூட மாத்தாதீங்க" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டவள்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவள் டீச்சரிடம் வந்தாள்.

"டீச்சர், அப்பா வந்தா நான் வரமாட்டேன். மானம் போகுது. மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆட வந்திருக்கேன். இவரால அதுவும்..."

மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

"அழாதம்மா. இன்னிக்கே நிறுத்திடறேன்."

டீச்சர் அவரைத் தேடிக்கொண்டு போனாள். செருப்பு கழற்றும் இடத்தில் அவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு பிசிறு இல்லை. ஆறாவது எண்ணுக்கு முதுகைப் பின்னால் வளைக்க வேண்டும். தொந்தியோடு அதையும் வளைத்துவிட்டு நிமிர்ந்தார் மனுஷன்!

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இவ்வளவு சுத்தமா ஆடறீங்க. வகுப்புல மட்டும் ஏன் சார் விழுந்து வாரறீங்க?"

அவர் திருட்டு முழி முழித்தார்.

"ஆறுக்கு மட்டும்தானே டீச்சர் விழறேன்?"

"அதான் ஏன்?"

"அந்த இடத்துல எல்லாரும் வளைவாங்க. எம்பொண்ணு மட்டும் நட்டுவெச்ச கம்பமா நிப்பா. கண்ணாடியில அத்தனை கண்ணும் அவ மேலதான் போகும். என்னைப் பார்த்துச் சிரிச்சா எனக்கென்ன? முழங்கால் வீங்கும், அவ்ளோதான்."

டீச்சர் குனிந்து அவர் முழங்காலைப் பார்த்தாள். ஆனாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம் சார். அவளே கேட்டுக்கிட்டா."

அவர் முகம் சுருங்கிப்போனது. செருப்பைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டார்.

"அவகிட்ட எதையும் சொல்லிடாதீங்க, டீச்சர். ஆனா ஆறு வந்தா..."



மறுநாள் முன்வரிசையில் ஓர் இடம் காலி. மகள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

டீச்சர் பாட்டைப் போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"மூணு... நாலு... அஞ்சு..."

பதினோரு முதுகுகள் வளையத் தயாராயின. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"ஆறு!"

டீச்சர் கால் தடுக்கி, கையில் இருந்த நோட்டு ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் பறக்க, மல்லாக்க விழுந்தாள்.

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மெக்கானிக்கின் மகள்தான்.