இழவு வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரி

"மாப்ள, அந்த வெள்ளைக்காரி யாரு?"

தாய்மாமன் விருமாண்டி காதோரம் கேட்டபோது, காசிமாயன் செத்துப்போன அப்பாவின் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் பாதி எண்ணெயைத் தரையில் ஊற்றினான்.

பந்தலுக்குள் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவே செம்பட்டை முடியும், ஏனோதானோவென்று சுற்றிய சேலையுமாக ஒரு வெள்ளைக்காரி. எல்லாரையும்விட அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் முப்பது வருஷமாகிறது. பேரையூர்ப் பக்கம் அவர்கள் வழி தவறிக்கூட வருவதில்லை.

"எனக்கெப்படி மாமா தெரியும்? கூட யாரும் வந்தாங்களா?"

"மதுரை பஸ்ஸுல இவளும் இன்னொரு பொம்பளையும் வந்து இறங்குனாகளாம். அத விடு. இவ என்ன சொல்லி அழுகுறா, கேளு."

காசிமாயன் காதைக் கொடுத்தான்.

"என்னப் பெத்த அப்பா... என்ன விட்டுப் போனீகளே அப்பா..."

இழவு வீட்டில் பெண்கள் அப்படிச் சொல்லி அழுவது வழக்கம்தான். ஆனால் வெள்ளைக்காரி வாயில் அதைக் கேட்டதும் அவன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான்.

"மச்சான் கல்யாணத்துக்கு முன்னாடி கொடைக்கானல்ல துரை பங்களாவுல கார் ஓட்டுனாருல்ல?" விருமாண்டி விடவில்லை. "இவளுக்கும் முப்பது வயசு இருக்கும். கணக்குச் சரியா வருது பாரு."

"மாமா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க!"

மாமன் வாயை மூடலாம், ஊர் வாயை யார் மூடுவது? இழவுக்கு வந்தவர்களை யார் என்று கேட்பது முறையில்லை. அதனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை; தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். "மூக்கப் பாரு, அப்படியே நல்லகாமன் மூக்கு" என்றாள் ரெங்கம்மாள் சின்னம்மா. அப்பாவுக்குச் சப்பை மூக்கு. அவளுக்குக் கிளி மூக்கு. அதையெல்லாம் அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்?

அப்பா லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் மதுரையில் லோடு என்று போய்விடுவார். வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மாவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அன்னக்கொடிக்கு வாய்ச்ச புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று ஊரே பேசும். அம்மாவுக்கு இனி மிச்சம் அந்தப் பேர் ஒன்றுதான். அதுவும் பாடையோடு போய்விடுமோ என்று அவன் பயந்தான்.

அம்மாவே அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "ஏய்யா, அந்தப் புள்ள யாரு? இம்புட்டு அழுகுதே?"

"அது... அப்பா இருந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான்.

அப்போதுதான் வெள்ளைக்காரி எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினாள்.

"நான் போய்விட்டு வருகிறேன்."

பந்தல் கொதித்துப்போனது. இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகலாமா? "அடி ஆத்தி! திரும்பி வேற வருவியா? இன்னொரு சாவு விழணுமா இந்த வீட்டுல?" என்று ரெங்கம்மாள் பாய்ந்தாள். காசிமாயன் குறுக்கே விழுந்து, வெள்ளைக்காரியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நீங்க யாருங்க? எங்கப்பாவுக்கு என்ன வேணும்?"

"உங்கள் அப்பாவா?" அவள் திருதிருவென்று விழித்தாள். "நான் அவரைப் பார்த்ததே இல்லை. என் பெயர் மேகன். வேல்ஸ் நாடு, இங்கிலாந்துக்குப் பக்கம். தமிழ் பேசப் பழகுகிறேன்."

"தமிழ் பழக இழவு வீட்டுக்கா வருவாக?"

"வேறு இடம் கிடைக்கவில்லை. கடையில் இங்கிலீஷ். பஸ்ஸில் கண்டக்டரும் இங்கிலீஷ். எங்கள் நாட்டிலும் இதே கஷ்டம்தான். எங்கள் பாஷை வேறு. அதைப் பேசிப் பழக ஊர் ஊராகப் போனேன். எல்லாரும் இங்கிலீஷில்தான் பதில் சொன்னார்கள். இங்கே யாரும் இங்கிலீஷ் பேசவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதை நானும் சொன்னேன். தப்பா?"

காசிமாயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தப்பே இல்லங்க. இன்னுங்கொஞ்சம் இருந்து நல்லா அழுதுட்டுப் போங்க. ஆமா, இங்க சாவுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"மதுரை ஆனையூரில் நான் போன வாரம் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. செல்லக்கிளி அக்கா. அதோ..."

அவள் கைகாட்டிய இடத்தில், அம்மாவின் மடியில் முகம் புதைத்து ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தனியாக வரப் பயமாம். 'நீ கூட வந்தா எல்லாரும் உன்னையத்தான் பாப்பாக' என்று என்னைக் கூட்டி வந்தார்." மேகன் குழப்பத்தோடு அவன் முகத்தைப் பார்த்தாள். "இறந்தது அந்த அக்காவின் வீட்டுக்காரர். உங்களுக்கு அப்பா என்றால், நீங்கள் செல்லக்கிளி அக்காவின் மகன்தானே?"