படத்துக்குப் பின்னால்

நான் எழுதிய முதல் பள்ளிக்கூடப் பாட்டுத் தொடர் மூன்றே வாரத்தில் ஊத்திக்கொண்டது. "எந்தப் பிள்ளை சார் இப்படிப் பேசுது?" என்றார் சேனல் மேலாளர். அடுத்த தொடருக்கு மிளகு அளவில் ஒரு கருவியைக் கொடுத்தார். காதில் விழுவதையெல்லாம் அது பாட்டாக்கிவிடும். என் மகள் நறுமுகைக்குப் பதினைந்து வயது. அவள் அறையில் மாட்டியிருந்த என் இறந்த மனைவியின் படத்துக்குப் பின்னால் அதை ஒட்டினேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது.

நேற்று அவள் அறையில் சேர்ந்து பார்த்தோம். கதாநாயகி பாடினாள்: "அப்பா பயந்துடுவாருன்னு அழாம இருந்தேன்."

நறுமுகை சட்டென்று டிவியை நிறுத்தினாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இதை நான் அம்மாகிட்ட மட்டும்தானேப்பா சொன்னேன். உங்க கனவுல வந்து சொன்னாங்களா?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றுதான் வந்தது.

அவள் எழுந்து படத்தருகே போனாள். "அப்பாகிட்ட சொன்னதுக்கு தேங்க்ஸ்மா" என்றாள்.

படத்துக்குப் பின்னால் இருந்த கருவி அதையும் கேட்டுக்கொண்டது. அடுத்த வாரப் பாட்டின் முதல் வரி அதுதான்.